மீண்டவர்கள் எங்கே? போதை ஆய்வில் முனைவர் மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது

வியட்நாமில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்கு அங்கே ஹெராயின் மலிவாகவும் கலப்பின்றியும் கிடைத்தது. 1971 செப்டம்பரில் ஊர் திரும்பிய வீரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏதோவொரு அபினி வகைப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர் அதற்கு அடிமையாகவே இருந்தார். இவர்கள் நாடு திரும்பினால் அமெரிக்க நகரங்களின் போதைச் சிக்கல் கைமீறிவிடும் என்று வாஷிங்டனில் அச்சம் எழுந்தது. நிக்சன் அரசின் போதைத் தடுப்பு அலுவலகத்துக்குத் தலைமை வகித்த மருத்துவர் ஜெரோம் ஜாஃபி, அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கண்டறியும் பொறுப்பை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளரிடம் ஒப்படைத்தார். ராபின்ஸின் குழு படைப் பதிவேட்டிலிருந்து மாதிரி எடுத்து, சுமார் 900 பேரைத் தேடிப்போய் நேர்கண்டு, சிறுநீரையும் வாங்கிச் சோதித்தது. வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மறுபடியும் அடிமையானவர்கள் 5 விழுக்காடு. மூன்று ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் அது 12 விழுக்காட்டைத் தாண்டவில்லை.

அந்நாளில் இதைப் பலரால் நம்ப முடியவில்லை. கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் 1935-இல் தொடங்கிய அரசு மருத்துவமனைதான் அதுவரை அமெரிக்காவுக்கு ஹெராயின் பற்றிய பாடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. சிறையும் மருத்துவமனையும் ஒன்றாக இருந்த இடம் அது. அங்கிருந்து நியூயார்க் திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து 1962-இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒன்பது பேர் சில மாதங்களுக்குள் பழைய நிலைக்கே போய்விட்டதாகச் சொன்னது. ஹெராயினைத் தொட்டவன் மீளமாட்டான் என்பது இப்படித்தான் அறிவியலாக நிலைபெற்றது. பிற்காலத்தில், 1993-இல், ராபின்ஸ் தன் ஆய்வைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது ஒரு செய்தியை அழுத்திச் சொன்னார். ஊர் திரும்பிய வீரர்களிலும் சிகிச்சைக்குச் சென்ற சிறு பகுதியினரைத் தனியே எடுத்துப் பார்த்தால், அவர்கள் மற்ற நோயாளிகளைப் போலவே பெரும் அளவில் மறுபடி விழுந்திருந்தார்கள். சிகிச்சை கெடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. தானாக மீளக்கூடியவர் சிகிச்சை நிலையத்தின் படியேறுவதே இல்லை. முடியாமல் போனவர்தான் ஏறுகிறார்.

போதைப் பழக்கத்தை ஆராய வரும் முனைவர் பட்ட மாணவருக்கு முதல் வாரத்திலேயே இந்த இரண்டு ஆய்வுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எது சரி என்று சொல்லாமல் கொடுக்க வேண்டும். ஒரே பொருள், ஒரே நாடு, பத்தாண்டு இடைவெளி, முடிவுகளோ நேரெதிர். இதற்குக் காரணம் புள்ளியியல் சூத்திரத்தில் இல்லை, ஆய்வாளர் தம் மனிதர்களை எங்கே சந்தித்தார் என்பதில் இருக்கிறது என்று மாணவர் தாமே கண்டுபிடித்துவிட்டால், அதன்பின் அவர் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் வேறு கண்ணோடு படிப்பார்.

பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் இருவரும் 1984-இல் இந்தச் சிக்கலுக்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயரிட்டார்கள். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போய் அங்கிருப்பவர்களை எண்ணினால், நோய் நீண்டகாலம் நீடிப்பவர்களே அதிகம் அகப்படுவார்கள். ஆறு மாதம் குடியில் சிக்கி வெளியே வந்தவர் அந்த ஒரு நாளில் அங்கே இருக்கும் வாய்ப்பு குறைவு. இருபது ஆண்டு சிக்கியவர் அங்கே இருக்கும் வாய்ப்பு பல மடங்கு. மருத்துவர் பொய் சொல்லவில்லை. தாம் பார்த்ததைத்தான் சொல்கிறார். அமெரிக்காவில் 2001–02-இல் 43,000 பேரிடம் நடந்த மக்கள்தொகை ஆய்வு, வாழ்வில் முன்பு எப்போதோ குடிக்கு அடிமையாக இருந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் கடந்த ஆண்டிலும் அதே நிலையில் இருந்தார் என்று காட்டியது. நான்கில் ஒருவர்தான் எப்போதாவது ஏதேனும் உதவி நாடியிருந்தார் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

நம் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். 2009 முதல் பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் மாணவர்களுக்குப் பாடநெறியைக் கட்டாயமாக்கியது. பின்னர் ஆய்வு, வெளியீட்டு நெறிகளுக்கென்று தனிப்பாடமும் வந்தது. ஆய்வு முறையியல் தாளில் மாதிரி எடுக்கும் வகைகள், கருதுகோள், டி-சோதனை, கை-வர்க்கச் சோதனை எல்லாம் உண்டு. உளவியல், சமூகப்பணி, செவிலியம், கல்வியியல் என எந்தத் துறையானாலும் இதே பாடம். பருத்தி விவசாயியை ஆராய்பவரும் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்பவரும் குடிநோயாளியை ஆராய்பவரும் ஒரே வகுப்பில் ஒரே குறிப்பை எழுதிக்கொள்கிறார்கள். பிறகு போதை ஆய்வு மாணவர் அருகிலுள்ள போதை மீட்பு மையத்துக்குக் கடிதம் கொடுக்கிறார். உள்நோயாளிகள் அறுபது பேர், நூறு பேர் கிடைக்கிறார்கள். வெளிநாட்டு வினாத்தாள் ஒன்றின் தமிழாக்கத்தை அவர்கள் நிரப்புகிறார்கள். குடிநோயாளிகளுக்கு மனச்சோர்வு அதிகம், தன்மதிப்பு குறைவு, குடும்ப ஆதரவு குறைவு என்று ஆய்வேடு முடிகிறது. வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்காத கேள்வி: இவை குடியின் இயல்புகளா, மீட்பு மையத்தில் சேர்க்கப்பட்டவர்களின் இயல்புகளா?

எவ்வளவு சிறிய பகுதியைப் பார்த்து எவ்வளவு பெரிய முடிவுக்கு வருகிறோம் என்பதற்கு இந்தியாவிலேயே கணக்கு இருக்கிறது. தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர் 38 பேரில் ஒருவர். மையத்து உள்நோயாளிகளை மட்டும் ஆராயும் மாணவர் அந்த ஒருவருக்குள்ளும் ஒரு பகுதியைத்தான் பார்க்கிறார். மீதி 37 பேர் கட்டட வேலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த 2019 ஆய்வை முறையியல் பாடமாகவே வைத்து நடத்தலாம். வீடு வீடாகச் சென்று 4,73,569 பேரை நேர்கண்டார்கள். மதுவின் பரவலை அளக்க இது போதும்: 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 14.6 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள்; ஆண்களில் 27.3, பெண்களில் 1.6. (பெண்களின் எண்ணைச் சொல்லும்போது, வீட்டுத் திண்ணையில் மாமியார் காதுபட இந்தக் கேள்விக்கு எந்தப் பெண் உண்மை சொல்வாள் என்பதையும் வகுப்பில் பேச வேண்டும்.) ஆனால் ஹெராயின் ஊசி போடுபவரை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அவர் வீட்டில் இருக்கமாட்டார், வீடே இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் சொல்லமாட்டார். எனவே இரண்டாவது முறை ஒன்றையும் சேர்த்தார்கள். 123 மாவட்டங்களில் 72,642 பேரை, ஒருவர் வழியாக இன்னொருவர் என்று, சங்கிலியாகச் சென்றடைந்தார்கள்.

இந்தச் சங்கிலி முறையை 1997-இல் டக்ளஸ் ஹெக்கதார்ன் முறைப்படுத்தினார். கனெக்டிகட் மாநிலத்தில் ஊசி போடுவோரிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி நடந்தபோது பிறந்தது அது. முதலில் சிலரைத் தேர்ந்து ஆளுக்கு மூன்று கூப்பன் கொடுப்பார்கள். அவர்கள் தமக்குத் தெரிந்த, அதே பழக்கமுள்ளவர்களுக்குக் கூப்பனைக் கொடுத்து அனுப்புவார்கள். வந்தவருக்கும் ஒரு சிறு தொகை, அனுப்பியவருக்கும் ஒரு சிறு தொகை. வந்தவருக்கு மறுபடி மூன்று கூப்பன். ஒவ்வொருவரிடமும் 'இப்படிப்பட்டவர் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்' என்று தவறாமல் கேட்க வேண்டும். நிறையப் பேரைத் தெரிந்தவர் மாதிரிக்குள் வர வாய்ப்பு அதிகம், ஆகவே கணக்கில் அவருக்கு எடை குறைவு. ஒருவர் வழியாக இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டே போகும் சாதாரணப் பனிப்பந்து மாதிரியிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்த எடைதான். சென்னையின் ஒய்.ஆர். கெய்டொண்டே மையமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து 15 இந்திய நகரங்களில் ஊசி போடுவோர் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோரை இவ்வழியில் சென்றடைந்தன. அப்படிச் சேர்த்தபோது ஒவ்வொரு நகரத்திலும் எச்.ஐ.வி. நிலவரம் வெவ்வேறாக இருப்பது தெரியவந்தது. மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

முறையைக் கற்பிக்கும்போதே அதன் குறையையும் கற்பிக்க வேண்டும். கோயல், சால்கனிக் இருவரும் 2010-இல் இம்முறை தரும் மதிப்பீடுகளின் பிழை எல்லை முன்பு நினைத்ததைவிட மிகப் பெரிது என்று காட்டினார்கள். ஒரு தெருக்குழு இன்னொரு தெருக்குழுவோடு பேசாத ஊரில் சங்கிலி ஒரு பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். சாதியாலும் தொழிலாலும் மதத்தாலும் பிரிந்துகிடக்கும் நம் ஊர்களில் மாணவர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து, முதல் கூப்பன்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். தன் ஊரைத் தெரிந்த மாணவருக்கு இங்கே இயல்பாகவே ஒரு வலிமை உண்டு.

மனிதர்களைச் சென்றடைந்தபின் அளவிடும் சிக்கல். உலகச் சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற பத்துக் கேள்வி வினாத்தாள் நம் ஆய்வேடுகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. அதன் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்' குடிக்கிறீர்கள் என்பது. ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். தமிழ்நாட்டில் எவரும் டிரிங்க் கணக்கில் குடிப்பதில்லை. குவார்ட்டர், ஆஃப், கட்டிங் என்றுதான் கணக்கு. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். அதன் எடை சுமார் 61 கிராம், அதாவது ஆறு டிரிங்க். முன்பின் தெரியாத இருவர் கடை வாசலில் ஒரு குவார்ட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் கட்டிங்கிலேயே ஆளுக்கு மூன்று டிரிங்க் வந்துவிடும்.

இப்போது தினமும் இரவு ஒரு குவார்ட்டர் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 'ஒண்ணுதாங்க சார்' என்கிறார். மாணவர் ஒன்று என்றே குறித்துக்கொள்கிறார். முதல் கேள்விக்கு 4 மதிப்பெண், இரண்டாவதற்குச் சுழி, ஒரே வேளையில் ஆறு டிரிங்க் அல்லது அதற்குமேல் எத்தனை முறை என்ற மூன்றாவதற்கும் சுழி. மொத்தம் 4. குவார்ட்டரை ஆறாகக் கணக்கிட்டிருந்தால் 4, 2, 4 என்று மொத்தம் 10 வந்திருக்கும். ஆபத்தான குடி என்று கருதப்படும் எல்லை 8. மூன்று கேள்விகளிலேயே ஒரு மனிதர் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். இந்தப் பிழையை எந்த மென்பொருளும் பிடிக்காது. களத்துக்குப் போகுமுன் மாணவர் தம் ஊரில் விற்கும் புட்டிகளின் அளவையும் வலிமையையும் பட்டியலிட வேண்டும், ஊற்றிக் குடிக்கும் பிளாஸ்டிக் டம்ளரின் கொள்ளளவை அளந்து பார்க்க வேண்டும். லிண்டா சோபெல், மார்க் சோபெல் உருவாக்கிய நாட்காட்டி முறையும் இங்கே உதவும். நாட்காட்டியை முன்னால் வைத்துச் சம்பள நாள், திருவிழா, இழவு வீடு என்று நினைவூட்டிக்கொண்டே பின்னோக்கிப் போனால், 'சராசரியாக எவ்வளவு' என்ற கேள்விக்கு வராத உண்மை வரும்.

எண்களைவிட்டு விலகி மனிதர்களோடு உட்கார்ந்து பேசும் ஆய்வுமரபும் போதைத் துறையில் மிகப் பழையது. ஆல்ஃப்ரெட் லிண்டெஸ்மித் 1937-இல் சிகாகோவில் தந்த முனைவர் பட்ட ஆய்வேடு இன்றும் மாணவர்கள் படிக்க வேண்டியது. தாம் எடுத்துக்கொள்வது என்ன பொருள் என்று தெரிந்தவர்தான் அடிமையாகிறார் என்பது அவருடைய முதல் கருதுகோள். பிறகு ஒரு மருத்துவரைச் சந்தித்தார். அவருக்குச் சில வாரங்கள் மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். அது மார்ஃபின் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் அடிமையாகவில்லை. லிண்டெஸ்மித் அந்த மருத்துவரை விதிவிலக்கு என்று ஒதுக்காமல் தம் கருதுகோளையே மாற்றினார். மருந்து நின்றபின் வரும் உடல் துன்பத்துக்குக் காரணம் மருந்து இல்லாமைதான் என்று உணர்ந்து, அதைத் தணிக்கவென்றே மறுபடி எடுத்துக்கொள்பவர்தான் அடிமையாகிறார் என்ற முடிவுக்கு வந்தார். தன் கருத்தை உடைக்கும் ஒருவரைத் தானே தேடிப்போகும் இந்தப் பழக்கத்தை நம் வகுப்பறைகள் கற்பிப்பதில்லை. கருதுகோள் 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதத்தான் கற்பிக்கிறோம். 1951-இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் இம்முறைமீது வைத்த விமர்சனமும் கூடவே வர வேண்டும்: அடிமையானவர்களையே பெரிதும் பார்த்தால், அடிமையாக எது தேவை என்று தெரியும், அது மட்டுமே போதுமா என்று தெரியாது. லெக்சிங்டனில் பார்த்த அதே சிக்கல் வேறு வேடத்தில் இங்கேயும் இருக்கிறது.

களத்தில் நீண்டகாலம் தங்குவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று போதும். எச்.ஐ.வி. பரவிய காலத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஊசியைப் பகிர்ந்துகொள்கிறீர்களா' என்று வினாத்தாளில் கேட்டார்கள். பலர் இல்லை என்றார்கள், அது உண்மையும்கூட. டென்வரில் ஸ்டீபன் கோஸ்டர், சான் பிரான்சிஸ்கோவில் ஃபிலிப் புர்கோய் போன்ற மானிடவியலாளர்கள் அவர்கள் நடுவே இருந்து பார்த்தபோது, ஹெராயினைக் கரைக்கும் கரண்டியையும் வடிகட்டும் பஞ்சையும் அலசும் தண்ணீரையும் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்துவது தெரிந்தது. தொற்றுக்கு அந்த வழியும் திறந்திருந்தது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது பின்தொடர்தல். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 93 குடிநோயாளிகளில் 7 பேர், பல ஆண்டுகளுக்குப்பின் சிக்கலின்றி அளவாகக் குடிக்கிறார்கள் என்று டி. எல். டேவிஸ் 1962-இல் எழுதினார். குடிநோயாளி ஒரு சொட்டும் தொடக்கூடாது என்ற கோட்பாட்டை அந்தச் சிறு கட்டுரை உலுக்கியது. ஆண்டுக்கணக்கில் சச்சரவு நடந்தது. 1985-இல் கிரிஃபித் எட்வர்ட்ஸ் அதே எழுவரின் கதையை மறுபடி தேடிப்போனார். ஐவருக்கு டேவிஸ் எழுதிய காலத்திலேயும் பிறகும் குடியால் கடுமையான சிக்கல்கள் இருந்திருக்கின்றன. மீதி இருவரிலும் ஒருவர் தொடக்கத்திலேயே தீவிரமாக அடிமையானவர் அல்லர். எட்வர்ட்ஸ் டேவிஸைப் பழிக்கவில்லை. தகவல் எப்படித் திரட்டப்பட்டது, யார் சொன்னதை யார் நம்பினார் என்று பொறுமையாக ஆராய்ந்து எழுதினார். மூன்று மாதப் பின்தொடர்தலோடு 'சிகிச்சை வெற்றி' என்று எழுதும் நம் ஆய்வேடுகளுக்கு இந்த வரலாறு அவசியம். முகவரி மாறியவரை, கைபேசி எண் மாற்றியவரை, மறுபடி குடித்ததால் முகம் கொடுக்கத் தயங்குபவரைத் தேடிப்பிடிக்கும் உழைப்பை ஆய்வுத் திட்டத்திலேயே நாளும் பணமும் ஒதுக்கி எழுத வேண்டும். காணாமல்போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு விழுக்காடு போடுவது நேர்மைக் குறைவு.

ஒப்புதல் பற்றி நெறிக்குழுப் படிவம் நிரப்புவதோடு நிற்கிறோம். லெக்சிங்டனில் கைதிகளிடம் போதைப்பொருள் சோதனைகள் நடந்தன. 'தாமாக முன்வந்தவர்களுக்கு' மார்ஃபினே பரிசாகக் கிடைத்தது. 1975-இல் அமெரிக்க செனட் விசாரணைக்குப் பிறகு அவை முடிவுக்கு வந்தன. அது எங்கோ எப்போதோ நடந்த கொடுமை என்று நாம் நகர்ந்துவிட முடியாது. நம் மீட்பு மையம் ஒன்றில் குடும்பத்தார் கொண்டுவந்து சேர்த்த ஒருவர், சேர்ந்து நான்கு நாள், கைநடுக்கம் அடங்கவில்லை, தூக்கமில்லை. ஆலோசகர் மாணவரை அழைத்துவந்து 'இவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க' என்கிறார். வீட்டுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்லி உட்காரும் மனிதர் எப்படி முடியாது என்பார்? அந்த நிலையில் அவர் தரும் பதிலும் நம்பத்தக்கதல்ல. இங்கே அறமும் முறையியலும் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன: நடுக்கம் தணியும்வரை காத்திருங்கள், மையத்தின் ஊழியர் இல்லாத இடத்தில் கேளுங்கள், மறுத்தால் எதுவும் மாறாது என்று சொல்வதோடு நடைமுறையிலும் காட்டுங்கள்.

போதைப்பொருள் பயன்படுத்துவோரை ஆராய்பவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆம் பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதையே தண்டனைக்குரியதாக்குகிறது. மாணவரின் குறிப்பேட்டில் இருக்கும் பெயர் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடும். எதை எழுதக்கூடாது, குரல் பதிவை எப்போது அழிப்பது, பெயரையும் குறியீட்டெண்ணையும் இணைக்கும் தாளை எங்கே வைப்பது என்பவை களத்துக்குப் போகுமுன் தெரிய வேண்டியவை.

மையத்தின் சுவர்களைத் தாண்டிச் செய்யலாம் என்பதற்கு நல்ல முன்னுதாரணங்கள் நம்மிடமே உண்டு. கோவாவில் அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் குழுவினர் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வேறு நோய்களுக்காக வந்த ஆண்களிடமிருந்து, குடியால் பாதிக்கப்பட்ட 377 பேரைக் கண்டெடுத்தார்கள். மருத்துவரல்லாத, உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் அவர்களோடு சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினரும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 26 விழுக்காட்டினரும் ஆபத்து எல்லைக்குக் கீழே வந்தார்கள். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, எண்பதுகளின் இறுதியிலேயே காவிரிப் படுகையின் மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம் நடத்தியது. மருத்துவமனைக்கு வரமாட்டாதவர்களிடம் மருத்துவமனையே போனது.

நெறியாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்து உங்களிடம் போதை ஆய்வுக்கு வரும் மாணவரை நேரே மீட்பு மையத்துக்கு அனுப்பாதீர்கள். முதல் பருவத்தில், குடியை விட்டுப் பத்தாண்டுக்கு மேலாகியும் எந்த மையத்துக்கும் போகாத ஐந்து பேரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசிவரச் சொல்லுங்கள். எப்படித் தேடினார், யார் வழியாகக் கிடைத்தார்கள், யார் மறுத்தார்கள் என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஆய்வுத் தலைப்பை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.